எந்த பஸ்ஸில் வந்தீங்க?

நீலகிரி மலையிலிருந்து இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஆஸ்பத்திரியைப் பற்றித்தான். சினிமாவும் அரசியலும் அடுத்த இதழ்வரை பொறுத்துக்கொள்ளட்டும்.

வாசகர், உதகை
ஊட்டியிலேயே 700 படுக்கையோடு பெரியாஸ்பத்திரி வந்துவிட்டது. இனியும் ஊருக்கு ஊர் சின்ன கிளினிக் எதற்கு?

2025 ஏப்ரலில் திறந்த அந்த மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, இந்த மாவட்டம் பல தலைமுறை காத்திருந்து பெற்றது. தலையில் அடிபட்டவரைத் தூக்கிப் போட்டுக்கொண்டு பர்லியார் வளைவுகளில் கோவைக்கு இறங்கிய குடும்பங்களுக்கு அதன் அருமை தெரியும். ஆனால் ஊட்டியிலிருந்து கூடலூருக்கு 50 கிலோமீட்டர். பந்தலூரும் சேரம்பாடியும் அதற்கும் அப்பால். சர்க்கரை மாத்திரை தீர்ந்துபோன ஒருவர், பத்து மாத்திரைக்காக நடுவட்டம் ஏறி, பைக்காரா கடந்து ஊட்டிக்கு வரமாட்டார். தீர்ந்தது தீர்ந்ததுதான் என்று இருந்துவிடுவார். பிறகு ஒரு நாள் காலில் ஆறாத புண்ணோடு அதே 700 படுக்கைகளில் ஒன்றுக்கு வருவார். பக்கத்தில் சின்ன கிளினிக் இருந்தால் பெரியாஸ்பத்திரிக்கு ஒரு படுக்கை மிச்சம், அவருக்கு ஒரு கால் மிச்சம்.

வாசகி, குன்னூர்
நல்ல டாக்டர் யார்?

மருந்துச் சீட்டு எழுதுவதற்கு முன் "எந்த பஸ்ஸில் வந்தீங்க, திரும்ப எப்போ பஸ்?" என்று கேட்பவர்.

தேயிலைத் தோட்டத் தொழிலாளி, கொளப்பள்ளி
பிரஷர் மாத்திரைக்கு ஒரு நாள் போனால் அன்றைக்குப் பேர் விழாது. சம்பளம் போகிறது. போகாவிட்டால் தலை சுற்றுகிறது. என்ன செய்ய?

அக்கா, உங்கள் ஒரு வரியில் இருப்பதைப் பல அறிக்கைகளில் நான் பார்த்ததில்லை. மலையில் மருந்து இலவசம்; மருந்தை வாங்கப் போவதுதான் விலை.

முதலில் உடனே செய்யக்கூடியது. 'மக்களைத் தேடி மருத்துவம்' என்ற அரசுத் திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கியது. ரத்த அழுத்தம், சர்க்கரை உள்ளவர்களுக்கு மாத்திரை வீட்டுக்கே வர வேண்டும் என்பதுதான் அதன் அடிப்படை. உங்கள் பகுதிப் பெண் சுகாதாரத் தன்னார்வலர் யார் என்று துணை சுகாதார நிலையத்து நர்சம்மாவிடம் கேட்டு, பெயரைப் பதிவு செய்யுங்கள். உங்களோடு லயத்து வரிசை வீடுகளில் இருக்கும் மற்றவர்களின் பெயரையும் சேர்த்துக் கொடுங்கள். ஒரு வீட்டுக்காக ஏறாத மேட்டை பத்து வீட்டுக்காக ஏறுவார்கள். மாத்திரை வீட்டுக்கு வருகிறது என்பதற்காகப் பரிசோதனையை விட்டுவிடாதீர்கள். அழுத்தம் இறங்கியிருக்கிறதா என்று மாத்திரைக்குத் தெரியாது, கருவிக்குத்தான் தெரியும்.

இரண்டாவது, கேட்டு வாங்க வேண்டியது. நகரங்களில் நகர்ப்புற நலவாழ்வு மையங்கள் வந்திருக்கின்றன. மொத்தம் 708 என்பது திட்டம். 2023 ஜூனில் ஒரே நாளில் 500 திறந்தார்கள். அங்கே மாலை 4 முதல் 8 வரையும் டாக்டர் இருக்க வேண்டும், கூலி வேலைக்குப் போகிறவர் வேலை முடிந்து வரட்டும் என்று. கொழுந்து எடை போட்டு முடிந்த பிறகு வருகிற பெண்ணுக்கும் அதே மாலை நேரம் வேண்டாமா? எஸ்டேட் ஓரத்தில் இருக்கும் ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் வாரத்தில் இரண்டு மாலையாவது வேண்டும். கிராம சபையில் முதல் தீர்மானமாக இதைப் போடுங்கள்.

வாசகர், கோத்தகிரி
'பக்கத்தில்' என்றால் எத்தனை கிலோமீட்டர்?

சமவெளியில் கிலோமீட்டர். மலையில் மணி. மழைக்காலத்தில் அதுவும் சொல்ல முடியாது. அரசுக் கணக்கே இதை ஒப்புக்கொள்கிறது: சமவெளியில் 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம் என்றால், மலையிலும் பழங்குடிப் பகுதியிலும் 3,000 பேருக்கு ஒன்று. ஆரம்ப சுகாதார நிலையம் அங்கே 30,000 பேருக்கு, இங்கே 20,000 பேருக்கு. ஆனாலும் தலையை எண்ணி வகுத்த கணக்கு அது. எதிர் மலையில் விளக்கு தெரியும், கூப்பிட்டால் குரல் கேட்கும். போய்ச் சேர இறங்கி ஏற ஒன்றரை மணி நேரம். அந்தப் பள்ளத்தாக்கை வகுத்தல் கணக்கில் எங்கே போடுவது?

ஆசிரியை, கூடலூர்
எங்கள் ஊர் ஆதிவாசி மருத்துவமனையைப் பற்றி வெளியூர்க்காரர்கள் பெரிதாகப் பேசுகிறார்கள். பக்கத்தில் இருக்கும் எங்களுக்கு அது ஒரு ஆஸ்பத்திரி, அவ்வளவுதான். அதில் அப்படி என்ன?

டீச்சர், கட்டடத்தைப் பார்த்தால் நீங்கள் சொல்வது சரி. அது கட்டப்பட்ட வரிசையைப் பாருங்கள்.

வழக்கமாக முதலில் கட்டடம் வரும், பிறகு டாக்டர், அதற்கும் பிறகு "ஏன் ஜனங்கள் வரவில்லை" என்ற ஆராய்ச்சி. கூடலூரில் தலைகீழ். 1980களின் நடுவில் ஸ்டான் தேக்கேக்கராவும் மாரி தேக்கேக்கராவும் 'அக்கார்டு' என்ற அமைப்போடு அங்கே வேலை தொடங்கினார்கள். முதல் பிரச்சினை மருத்துவம் அல்ல, நிலம். பணியர், காட்டுநாயக்கர், பெட்டக்குறும்பர், முள்ளுக்குறும்பர், இருளர் என்று தனித்தனியே இருந்தவர்கள் ஆதிவாசி முன்னேற்றச் சங்கமாக ஒன்றுசேர்ந்தார்கள். 1987-ல் டாக்டர் தேவதாசனும் டாக்டர் ரூபாவும் வந்தார்கள். வந்தவர்கள் ஆஸ்பத்திரி கட்டவில்லை. ஊரூராகப் போய், அந்தந்த ஊர் ஆதிவாசிகளையே சுகாதாரப் பணியாளர்களாகப் பயிற்றுவித்தார்கள். வயிற்றுப்போக்கில் குழந்தை துவண்டால் என்ன கொடுப்பது, எந்தக் கர்ப்பிணிக்குக் கால் வீங்கியிருக்கிறது, யார் வீட்டுக் குழந்தைக்குத் தடுப்பூசி போடவில்லை: இதுதான் முதல் பாடம்.

ஊரில் நோயைக் கண்டுபிடிக்க ஆள் வந்தபின்தான் அடுத்த கேள்வி எழுந்தது. கண்டுபிடித்தவரை எங்கே அனுப்புவது? அப்படித்தான் 1990-ல் மருத்துவமனை வந்தது. அறுவை மருத்துவர் நந்தகுமார் மேனனும் மகப்பேறு மருத்துவர் ஷைலாவும் அங்கே வந்து சேர்ந்தார்கள். அந்தப் பொறுப்பை எடுத்துக்கொண்ட அமைப்புக்கு 'அஸ்வினி' என்று பெயர். நர்ஸ்களாக நின்றவர்கள் ஆதிவாசிப் பெண்கள். பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்ட பெண்கள்கூட வருடக்கணக்கில் பயின்று, பிரசவம் பார்க்கவும் அறுவை அறையில் நிற்கவும் கற்றார்கள்.

டீச்சர், ஒரு பணியர் பாட்டி வாழ்க்கையில் முதல்முறை ஆஸ்பத்திரி வாசலில் நிற்கிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்ளிருந்து வெள்ளை உடையில் வருகிறவள் அவள் மொழியிலேயே, அவள் ஊர்ப் பெயரைச் சொல்லி "என்ன செய்யுது?" என்று கேட்கிறாள். அந்தப் பாட்டி உள்ளே வருவாளா, திரும்பிப் போவாளா என்பது அந்த ஒரு கேள்வியில் தீர்மானமாகிறது. நான் இதைப் பெரிதாகப் பேசுகிறேன் என்று நினைத்தால், ஆமாம், பேசுகிறேன்.

வாசகர், கூடலூர்
அங்கே காப்பீடும் உண்டாமே? ஏழைகள் பிரீமியம் கட்டுவார்களா?

கட்டினார்கள். 1992 முதல். நாட்டில் ஏழைகளுக்கான அரசுக் காப்பீட்டு அட்டைகள் வருவதற்குப் பல வருடம் முன்பு. சங்க உறுப்பினர்கள் சிறு தொகை கட்டினார்கள், அமைப்பு கொஞ்சம் சேர்த்தது, காப்பீட்டு நிறுவனத்தோடு மொத்தமாக ஒப்பந்தம் போட்டார்கள். பலன் என்ன என்று பிற்பாடு டாக்டர் தேவதாசனே ஆராய்ந்து எழுதினார்: காப்பீடு எடுத்தவர்கள் எடுக்காதவர்களைவிட இரண்டு மடங்குக்கு மேல் மருத்துவமனையில் சேர்ந்திருக்கிறார்கள். இதைப் படித்துவிட்டு "அப்படியென்றால் நோய் கூடிவிட்டதா?" என்று என் நண்பர் ஒருவர் கேட்டார். நோய் கூடவில்லை. முன்பு வீட்டிலேயே படுத்துக் கிடந்தவர்கள் எழுந்து வந்திருக்கிறார்கள். "ஆஸ்பத்திரிக்குப் போனால் எவ்வளவு ஆகுமோ" என்ற பயம் விலகினால் கால் தானாக நடக்கும்.

தாய், தேவர்சோலை
பையனுக்குக் குளிர் வந்தாலே கை கால் முறிகிற மாதிரி வலி. 'சிக்கிள் செல்' என்று சொல்லிவிட்டார்கள். பயமாக இருக்கிறது.

பயப்படாதீர்கள் அம்மா. இது வைத்தியத்தோடு வாழக்கூடிய நோய். தெரியாமல் இருப்பதுதான் ஆபத்து; உங்களுக்குத் தெரிந்துவிட்டது.

ரத்தச் சிவப்பணு வட்டமாக இருப்பதற்குப் பதில் கதிர் அரிவாள் மாதிரி வளைந்து, மெல்லிய ரத்தக் குழாயில் சிக்கிக்கொள்கிறது. அந்த இடத்தில்தான் வலி. குளிர், உடம்பில் நீர் வற்றுவது, காய்ச்சல், அளவுக்கு மீறிய ஓட்டம், இவை அதைத் தூண்டும். எனவே பையனுக்குக் கம்பளி போடுங்கள், நாள் முழுக்கத் தண்ணீர் கொடுங்கள், பள்ளிப் பையில் தண்ணீர்ப் பாட்டில் இருக்கட்டும். ஃபோலிக் அமில மாத்திரையை நிறுத்தாதீர்கள். ஹைட்ராக்சியூரியா என்ற மருந்து வலி வரும் தடவைகளைக் குறைக்கும். அதை டாக்டர் ரத்தப் பரிசோதனை பார்த்துப் பார்த்துத்தான் கொடுப்பார். காய்ச்சல் வந்தால் "நாளைக்குப் பார்க்கலாம்" கூடாது, அன்றே. நெஞ்சுவலி, மூச்சுத் திணறல் என்றால் அந்த நிமிடமே.

ஒரு விஷயம் உங்கள் உறவுக்காரர்களுக்கும் சொல்லுங்கள். இது யாருடைய பாவமும் அல்ல. அப்பா, அம்மா இருவரிடமும் இந்தக் கூறு ஒவ்வொரு பங்கு மறைந்திருந்தால், பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் நோய் வர நான்கில் ஒரு வாய்ப்பு. ஒரு பங்கு மட்டும் உள்ளவர் நோயாளி அல்ல. எளிய ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும், கல்யாணத்துக்கு முன் பார்த்துக்கொள்வது நல்லது.

இந்தியாவிலேயே இந்த நோயின் அடையாளத்தை முதலில் கண்டது நம் நீலகிரிப் பழங்குடிகளின் ரத்தத்தில்தான், 1952-ல், லேமன், கட்புஷ் என்ற இரு ஆய்வாளர்கள். தேசிய அளவில் ஒழிப்புத் திட்டம் தொடங்கியது 2023 ஜூலையில். நடுவே 71 வருடம். அந்த 71 வருடமும் உங்கள் மகனைப் போன்ற குழந்தைகள் "சோம்பேறி, வேலைக்குப் பயந்து வலி என்கிறான்" என்று அடி வாங்கியிருப்பார்கள். ரத்தம் எடுத்துப் போனவர்கள் ஊருக்குத் திரும்பி வர ஒரு சின்ன கிளினிக்காவது இருந்திருந்தால் என்று எனக்கு ஆதங்கம்.

வாசகர், வெலிங்டன்
நீலகிரித் தைலம் இருக்கக் கிளினிக் எதற்கு?

மூக்கடைப்புக்கு ஆவி பிடியுங்கள், மூட்டுக்குத் தடவுங்கள். குடிக்கக் கூடாது, கைக்குழந்தை மூக்கில் தடவக் கூடாது, பாட்டிலைக் குழந்தைக்கு எட்டும் இடத்தில் வைக்கக் கூடாது. குழந்தை வயிற்றுக்குள் போனால் விஷம். இருமல் இரண்டு வாரம் தாண்டினால் தைலத்தை மூடி வைத்துவிட்டுச் சளிப் பரிசோதனைக்குப் போங்கள். காசநோய்க்குத் தைலம் தெரியாது.

ஓய்வுபெற்ற எழுத்தர், குன்னூர்
மருத்துவ வரலாற்றில் எங்கள் குன்னூருக்கு உள்ள பெருமை இளைஞர்களுக்குத் தெரிவதில்லையே!

சொல்லிவிடுவோம் ஐயா. வெறிநாய்க்கடிக்குச் சிகிச்சை 1900-ல் இந்தியாவில் ஒரே இடத்தில்தான், இமயமலை அடியில் கசௌலியில். தென்னாட்டில் கடிபட்டவர் ரயில் மாறி மாறி அங்கே போய்ச் சேர வேண்டும். 1902-ல் லில்லி பேகன்ஹாம் வால்ஷ் என்ற பெண் வெறிநோயில் இறந்தார். அந்தச் சாவு கிளப்பிய வேதனையில்தான் பணம் திரண்டது, 1907-ல் குன்னூரில் பாஸ்டர் நிறுவனம் எழுந்தது. அதே வளாகத்தில் ஓர் அறையில் 1918-ல் ராபர்ட் மக்காரிசன் தொடங்கிய சத்துணவு ஆய்வுதான் வளர்ந்து, பிற்பாடு ஹைதராபாத் போய், இன்றைய தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக நிற்கிறது.

பெருமைதான். ஆனால் எனக்கு அந்தக் கதையில் உறைப்பது தூரம். அன்றைக்கு மருந்து இருந்தது, கிட்டத்தில் இல்லை. இன்று நாய் கடித்தால் கசௌலிக்கும் போக வேண்டாம், குன்னூருக்கும் வர வேண்டாம். காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்தில் தடுப்பூசி போடுங்கள், முழுத் தவணையும். சுண்ணாம்பு, மஞ்சள், காப்பித்தூள் எதுவும் காயத்தில் வேண்டாம்.

தொழிற்சங்கத் தோழர், சேரம்பாடி
எஸ்டேட் ஆஸ்பத்திரி வெறும் பெயர்ப்பலகையாக நிற்கிறது. சட்டம் என்ன சொல்கிறது?

1951-ம் வருடத் தோட்டத் தொழிலாளர் சட்டத்தின் 10-வது பிரிவு, தொழிலாளிக்கும் குடும்பத்துக்கும் எளிதில் கிடைக்கும்படி மருத்துவ வசதி வைத்திருக்க வேண்டும் என்றது. முதலாளி செய்யாவிட்டால் தலைமை ஆய்வாளரே ஏற்பாடு செய்து செலவை முதலாளியிடம் வசூலிக்கலாம் என்றும் சொன்னது. பல்லுள்ள பிரிவுதான். கடித்ததாகத்தான் நான் கேள்விப்பட்டதில்லை. 2025 நவம்பர் 21 முதல் அந்தச் சட்டம் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புக்குள் போய்விட்டது. மருத்துவப் பொறுப்பு அங்கேயும் இருக்கிறது, தோட்டங்கள் ஈ.எஸ்.ஐ. திட்டத்தில் சேரவும் வழி வைத்திருக்கிறார்கள். சேர்ந்தால் மட்டும் போதாது தோழரே, ஈ.எஸ்.ஐ. டாக்டர் எந்த ஊரில் உட்காருவார் என்பதை ஒப்பந்தம் பேசும்போதே கேட்டு எழுதி வாங்குங்கள். அட்டை சேரம்பாடியில், டாக்டர் கோவையில் என்றால் பழைய கதையே.

இதில் விட்டுப்போகிற ஒரு கூட்டம் உண்டு. பழைய சட்டம் 5 ஹெக்டேரும் 15 ஆட்களும் இருந்தால்தான் தோட்டம் என்றது. நீலகிரியில் தேயிலையில் பெரும் பகுதி சிறு விவசாயிகளின் ஓர் ஏக்கர், இரண்டு ஏக்கர். அங்கே கொழுந்து பறிக்கும் பெண்ணுக்கு எஸ்டேட் ஆஸ்பத்திரியும் இல்லை, பெயர்ப்பலகைகூட இல்லை. அவளுக்கு அரசுத் துணை சுகாதார நிலையம் ஒன்றே கதி. அதனால்தான் அதைப் பிடித்துக்கொண்டு பேசுகிறேன்.

என் அம்மாவும் கொழுந்து பறித்தவர். ஒரு மழைக்காலத்தில் காய்ச்சலோடு தோட்டத்து மருந்தகத்துக்கு இறங்கிப் போனார். கம்பவுண்டர் அன்று லீவு. ஏறி வந்து, மறுநாள் மீண்டும் இறங்கினார். இரண்டு நாள் பேரும் போயிற்று. அந்தத் தோட்டத்தின் பெயர் இங்கே தேவையில்லை. அந்த மேடு மட்டும் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

வாசகர், அருவங்காடு
நாலு எழுத்துப் படித்த பெண்களைச் 'சுகாதாரப் பணியாளர்' என்று அனுப்புவது ஏழைகளுக்கு அரைகுறை வைத்தியம் அல்லவா?

அவர்கள் வைத்தியம் பார்த்தால் அரைகுறை. அவர்கள் செய்வது வேறு வேலை. யாரைக் காணோம் என்று தெரிந்து வைத்திருப்பது.

இதற்கு நம் மலையிலேயே பழைய முன்மாதிரி உண்டு. குன்னூரைத் தலைமையிடமாகக் கொண்ட தோட்ட அதிபர்கள் சங்கமான உபாசி 1971-ல் ஒரு தொழிலாளர் நலத் திட்டம் கொண்டுவந்தது. டாக்டர் ரகமத்துல்லா அதை முன்னின்று நடத்தினார். லயத்தில் இருக்கும் தொழிலாளிப் பெண்களிலேயே ஒருத்தியைத் தேர்ந்து, சுற்றுவட்டக் குடும்பங்களுக்கு 'லிங்க் வொர்க்கர்' ஆக்கினார்கள். தோட்ட நிர்வாகங்களின் ஆரம்ப நோக்கம் குடும்பக் கட்டுப்பாடுதான், அதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் அந்தப் பெண்கள் அதோடு நிற்கவில்லை. எந்தக் குழந்தை எடை ஏறவில்லை, எந்தத் தண்ணீர்த் தொட்டி அசுத்தம், யாருக்கு மாதம் நிறைந்துவிட்டது எல்லாம் அவர்கள் விரல் நுனியில். தேசியத் திட்டமாக 'ஆஷா' என்று இதே போன்ற பணியாளர்கள் வந்தது 2005-ல். பத்து வீடு தள்ளி இருக்கும் காமாட்சி மூன்று நாளாகக் குழாயடிக்கு வரவில்லை என்பதை எந்த டாக்டருக்கும் எந்தக் கருவியும் சொல்லாது.

வருந்த வேண்டியது ஒன்று: இந்த ஆஷா பெண்களுக்கு மாதச் சம்பளம் இல்லை, ஊக்கத்தொகை என்கிறார்கள். ஊக்கத்தை அவர்கள்தான் நமக்குத் தருகிறார்கள். நாம் தர வேண்டியது சம்பளம்.

மாமியார், மசினகுடி
மருமகளைப் பிரசவத்துக்கு ஒரு வாரம் முன்பே வந்து தங்கச் சொல்கிறார்கள். வீட்டில் வேலை யார் செய்வது?

நீங்கள்தான் அம்மா! ஒரு வாரம்தானே. மலைப்பகுதிகளில் சில ஆரம்ப சுகாதார நிலையங்களில் 'பிரசவக் காத்திருப்பு அறை' வைத்திருப்பதே இதற்காக. வலி ராத்திரியில் எடுத்து, வழியில் யானை நின்றால் 108 வண்டி என்ன செய்யும்? யானைக்கு ஹார்ன் அடிக்க முடியாது. நாள் நெருங்கியதும் வேலையை வேறு யாரிடமாவது விட்டுவிட்டு நீங்களும் துணைக்குப் போய் இருங்கள். பேரப்பிள்ளையை முதலில் தூக்குவது நீங்களாக இருக்கலாம்.

சமூக ஆர்வலர், கோத்தகிரி
மழையில் சாலை துண்டித்தால் கிளினிக் இருந்து என்ன பயன்?

சாலை துண்டித்தால் கிளினிக் மட்டும்தான் பயன். 2009 நவம்பர் நிலச்சரிவுகளில் 40 பேருக்கு மேல் இறந்தார்கள், ஊர்கள் தீவுகளாகின. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. அந்த மாதிரி நாளில் இன்சுலின் போட்டுக்கொள்கிறவருக்கு ஊட்டியும் ஒன்றுதான், லண்டனும் ஒன்றுதான். ஆகவே தென்மேற்குப் பருவம் தொடங்கும் முன், மறுபடி ஐப்பசிக்கு முன், துணை சுகாதார நிலையத்தில் இரண்டு மாத மாத்திரை, குளிர்பெட்டியில் இன்சுலின், மின்சாரம் போனால் மாற்று ஏற்பாடு மூன்றும் இருக்கிறதா என்று நேரில் போய்ப் பாருங்கள். உங்களைப் போன்றவர் கேட்டால் பதில் சொல்வார்கள். நிறைமாதக் கர்ப்பிணிகள், டயாலிசிஸ் செய்கிறவர்கள் பட்டியலும் நர்சம்மாவிடம் இருக்க வேண்டும். மழை எச்சரிக்கை வந்த உடனே அவர்களை மேலே கொண்டுபோய்விட வேண்டும், மழை வந்த பிறகு அல்ல.

இளம் டாக்டர், ஊர் வேண்டாம்
மலையில் வேலைக்கு வரத் தயார். ஆனால் குழந்தைகள் படிப்பு, வீடு, தனிமை... எங்களை மட்டும் குறை சொல்கிறார்கள்.

நான் குறை சொல்லமாட்டேன். மலையில் பணிசெய்த அரசு டாக்டருக்கு முதுநிலைப் படிப்பில் சலுகை உண்டு. அதனால் வருகிறார்கள், இடம் கிடைத்ததும் படிக்கப் போகிறார்கள். அது தவறல்ல. ஆனால் ஊர்க்காரர் பார்வையில், "இப்பத்தான் இந்த டாக்டருக்கு என் வியாதி புரிஞ்சது" என்னும்போது அவர் போய்விடுகிறார். ஒழுகாத வீடு, இரவு அழைத்தால் கூட வர ஓர் ஆள், மாதத்தில் சில நாள் உண்மையான விடுப்பு, சந்தேகம் கேட்கப் பெரியாஸ்பத்திரியில் ஒரு நிபுணரின் போன் நம்பர்: இவை கொடுத்தால் இன்னும் இரண்டு வருடம் இருப்பீர்கள் அல்லவா? தர்மபுரி மாவட்டம் சிட்டிலிங்கிப் பள்ளத்தாக்கில் 1993-ல் ஒரு குடிசையில் கிளினிக் தொடங்கிய டாக்டர் ரெஜி ஜார்ஜும் டாக்டர் லலிதாவும் அங்கேயே வேர்விட்டார்கள். எல்லோரும் அப்படி இருக்க வேண்டும் என்று கேட்பது நியாயமில்லை. இரண்டு வருடம் இருக்கப்போகிற நீங்கள், போகும்போது ஒவ்வொரு நோயாளியின் கதையையும் நர்சம்மாவிடம் ஒப்படைத்துவிட்டுப் போங்கள். அவர் இங்கேதான் இருப்பார்.

வாசகர், பொக்காபுரம்
ஜார்க்கண்டிலிருந்து வந்த தொழிலாளர்கள் எங்கள் கிளினிக்கில் வந்து நிற்கிறார்கள். கூட்டம் அதிகமாகிறதே?

1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பின் இலங்கையிலிருந்து வந்த நம் மக்கள் கூடலூரிலும் கோத்தகிரியிலும் இறங்கியபோதும் இதே பேச்சு இருந்தது. இன்று அவர்கள் இல்லாத நீலகிரியை நினைத்துப் பார்க்க முடியுமா? கொழுந்து பறிக்கக் கை வேண்டும் என்றால், அந்தக் கைக்குக் காய்ச்சல் வந்தால் மருந்தும் வேண்டும். கூட்டத்துக்கு மருந்து இன்னொரு நர்ஸ், வரிசையில் நிற்கிறவரை விரட்டுவது அல்ல. சுவரில் இந்தியில் நாலு வரி எழுதி வைக்கச் சொல்லுங்கள்.

பிளஸ் டூ பழங்குடி மாணவி, பந்தலூர்
நர்ஸ் ஆக ஆசை. மார்க் வரும் என்று நம்புகிறேன். எங்கள் வீட்டில் யாரும் காலேஜ் போனதில்லை. எப்படி ஆரம்பிப்பது?

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன் அம்மா. பி.எஸ்சி. நர்ஸிங், அல்லது அரசு மருத்துவமனைகளில் மூன்று வருட நர்ஸிங் டிப்ளமோ. இரண்டுக்கும் நம் மாநிலத்தில் பிளஸ் டூ மதிப்பெண்தான் கணக்கு. உயிரியலையும் வேதியியலையும் விடாதே. டிப்ளமோவில் படிக்கும்போதே உதவித்தொகை உண்டு. விண்ணப்பம் இணையத்தில்தான் போட வேண்டும். உங்கள் தலைமையாசிரியரிடம் இப்போதே சொல்லி வை, கடைசி நாளில் நெட்வொர்க் கிடைக்காது.

ஒரு முக்கியமான விஷயம். பழங்குடிச் சான்றிதழ் தாசில்தார் தருவதல்ல, கோட்டாட்சியர் தருவது. உங்களுக்குக் கூடலூர்க் கோட்டாட்சியர் அலுவலகம். விசாரணை, ஆவணம் என்று மாதக்கணக்கில் இழுக்கும். பரீட்சை முடியட்டும் என்று இருக்காதே. அப்பாவையோ அண்ணனையோ அழைத்துக்கொண்டு, வரும் திங்கட்கிழமை காலை முதல் பஸ்ஸிலேயே போய் மனுவைக் கொடுத்துவிட்டு, ரசீது வாங்கி வை.